அத்தை கொடுத்த ரத்தம்

என் தம்பிக்குக் கல் மாதிரி எலும்பு என்று மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு வயது எனக்கு. எங்கள் ஊர் வாடிப்பட்டியில் வேறெந்தப் பிள்ளைக்கு அப்படி எலும்பு இருந்தது? அப்பேர்ப்பட்ட எலும்பு மாட்டுக்கொட்டிலில் வழுக்கி விழுந்ததற்கே ஏன் ஒடிந்தது என்று நான் யோசிக்கவில்லை.

தம்பிக்கு அப்போது நாலு வயது. முகம் வெளுத்து, வயிறு மட்டும் உப்பியிருப்பான். தொடை ஒடிந்ததற்காகத்தான் கொண்டுபோனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு உள்ளேயும் இறுகிக் கெட்டியாகிவிட்டது, அதனால் சாக்குக்கட்டி மாதிரி ஒடிகிறது, ரத்தம் ஊறுகிற மஜ்ஜைக்கு இடமே இல்லை என்று அப்பாவிடம் சொன்னார். மறுநாள் காலையில் தம்பிக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்து நிற்கவே இல்லை. யாராவது ரத்தம் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். அப்பாவுடையதும் சேரவில்லை, அம்மாவுடையதும் சேரவில்லை. கூட வந்திருந்த அத்தையுடையது சேர்ந்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. சேதி கேட்டு ஓடிவந்த மாப்பிள்ளையின் அண்ணன், இப்போதே ரத்தத்தைக் கொடுத்துவிட்டால் நாளைக்குப் பிள்ளை பெற உடம்பில் என்ன இருக்கும் என்று அப்பாவைக் கேட்டார். அத்தைதான் முன்னால் வந்தாள்.

"எங்க அண்ணே மகனுக்குக் குடுக்கப்போறேன். வேணாம்னா இப்பவே சொல்லிட்டுப் போங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பத்து நாளில் கல்யாணம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பினார்கள்.

ஊசி குத்துவதற்கு முன்னால் டாக்டர் அத்தையிடம், இந்த ரத்தம் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது, யோசித்துக்கொள் என்றார். அத்தை தம்பியைப் பார்த்தாள்.

"அந்த ஒரு மாசம் வெளையாடுவான்ல?"

கேட்டுவிட்டுப் படுத்துக் கையை நீட்டினாள். கண்ணாடிப் புட்டியில் ரத்தம் ஏறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாயங்காலம் தம்பியின் உதட்டில் நிறம் வந்தது. இட்லி வேண்டும் என்று அழுதான். அம்மாவும் அழுதாள்.

தொடையில் போட்ட கட்டைப் பிரித்ததும் தெருவில் விளையாடினான். பிறகு மறுபடி வெளுத்தான். அத்தை மறுபடி மதுரைக்கு பஸ் ஏறினாள். இப்படியே எத்தனையோ தடவை. தம்பி ஆறு வயது வரை இருந்தான். அத்தைக்கு அதன் பிறகு நல்ல இடத்தில் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்தன.

அந்த இரண்டு வருஷமும் பள்ளிக்கூடத்தில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமல்ல. மதுரை ஜில்லாவிலேயே எங்கள் அத்தை ரத்தம்தான் ஒசத்தி, அதனால்தான் அவளையே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்பேன். ஒருநாள் அவளிடமே சொன்னேன். ஆமாம் என்று சிரித்தபடி பஸ்ஸுக்குத் தலை சீவிக்கொண்டாள். கொடுத்தது நிற்காது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத்தான் அது விளங்கவில்லை.