பக்கவாட்டில் சாயாத பாதம்

ஐந்தாம் வயதில் வந்த காய்ச்சல் என் வலப்பாதத்தை உட்புறமாக முறுக்கிவிட்டுப் போயிற்று. பதினேழாம் வயதில், சேலத்து மருத்துவர் ஒருவர் கணுக்காலுக்குக் கீழுள்ள மூன்று மூட்டுகளைச் செதுக்கி, அவை ஒரே எலும்பாகக் கூடும்படி செய்தார். நான்கு திங்கள் கழித்து மாவுக்கட்டு நீங்கியபோது உள்ளங்கால் முழுவதும் நிலத்தில் படிந்தது.

நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் தோட்டம். நீர் பாய்ச்ச இருவர் வேண்டும். ஒருவர் கிணற்றோரச் சரிவில் எருதுகளை ஓட்டி, வடத்தில் கட்டிய தோல்சாலால் நீர் மொள்ளும் கவலை இறைப்பார். மற்றவர் வயலில் நின்று மடை திருப்புவார். சரிவு இடர் மிக்கது, வயல் எளிது என்று கருதிய தந்தையார் எனக்கு மடையைத் தந்தார். காய்ந்த மண்கட்டியை மிதித்தால் பிறர் பாதம் பக்கவாட்டில் சாய்ந்து கொடுக்கும்; என் பாதம் கொடுக்காது. மாலைதோறும் வீங்கிற்று.

ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டச் செல்வோம். வண்டியிலேயே தந்தையார் எச்சரிப்பார்: "அவ்வளவு பாடுபட்டவங்க முன்னால நோவுதுன்னு சொல்லீராத சாமி. மனசு சங்கடப்படுவாங்க."

நானும் "நல்லா இருக்குதுங்க" என்பேன். மருத்துவர் மகிழ்ந்து குறித்துக்கொள்வார்.

ஏழாம் ஆண்டில் தந்தையார் தோட்டத்தைக் குத்தகைக்கு விடத் துணிந்தார். "தண்ணி கட்டவே முடியலீங்கற. எனக்கப்பறம் நீ என்னத்தப் பண்ணுவ?" என்றார். நான் கற்ற இலக்கணம் எங்கள் ஊரில் சோறு போடக்கூடியதன்று.

அவ்வாண்டு சேலத்துக்குத் தனியே சென்றேன்.

"வலி இருக்கா?"

"இருக்குதுங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "எத்தனை வருசமா?"

"ஆறு வருசமாங்க."

"ஆறு வருசமா நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க, தம்பி?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங்க."

அவர் பழைய ஏடுகளைப் புரட்டி, ஒவ்வொன்றிலும் 'நலம்' என்றிருந்த குறிப்பைக் கோடிட்டு அடித்தார். பிறகு சாய்த்து வைத்த பலகையில் என்னை ஏறி இறங்கச் சொன்னார், வலிக்கவில்லை. பாதத்தின் ஒருபக்க விளிம்புக்கு அடியில் மட்டும் செங்கல்லை வைத்து மிதிக்கச் செய்தார், வலித்தது.

"மேலயும் கீழயும் அசையற மூட்டை நான் தொடல. உங்களுக்குச் சரிவு ஆகும், மண்கட்டி கிடக்கற தரைதான் ஆகாது. பல வருசம் போனா அந்த மூட்டும் தேயலாம். அப்பவாவது மறைக்காம வந்து சொல்லுங்க."

மறுநாள் காலையில் தந்தையாரிடம் கவலை ஓட்டும் வேலையைக் கேட்டேன்.

"உழுந்தீன்னா எருதோட கெணத்துல கெடப்ப."

"ஒரு காலைப்பொழுது பாருங்கப்பா. முடியலீன்னா குத்தகைக்கு உட்டுருங்க."

அவர் சரிவின் அருகிலேயே நின்றார். எருதுகளோடு கீழிறங்கினேன், அவற்றைப் பின்னோக்கி நடத்தி மேலேறினேன். பாதம் தடுமாறவில்லை. சால் சாலாக நீர் போயிற்று. மடையில் ஆளில்லாமையால் முதற்பாத்தி நிரம்பி வரப்பு வழிந்தது. நான் எருதுகளை நிறுத்தினேன்.

"நீ நிறுத்தாத, ஓட்டு" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தந்தையார் வயலில் இறங்கினார்.

குத்தகை பேச வந்தவர் நண்பகலில் வரப்பில் நின்று தந்தையாரோடு சிறிது பேசிவிட்டு, குத்தகை முடிக்காமலே திரும்பிப் போனார்.