நப்பி கட்டியவர்களுக்கு நீச்சல் இல்லை

மார்ச் ஏழு, சனிக்கிழமை. காலை எட்டு மணி ஐம்பது. காற்று பெயருக்கும் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. வெயில் மட்டும் அவசரப்பட்டுப் பதினொரு மணிக்குரிய வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

தலைமன்னார் இறங்குதுறையில் நாங்கள் ஐந்து பேர், பதினொரு பைகள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பத்துநான்கு வருடம் கணக்குப் பார்த்தவன். கந்தோர் என்னை விட்டுவிட்டது, எண்ணுவது விடவில்லை. பதினொரு பைகளில் ஒன்பது, இரண்டரை வயதுகூட ஆகாத இரண்டு பேருக்கு உரியவை.

அந்த இரண்டு பேர் என் மகள் ஷாமினியின் இரட்டைப் பிள்ளைகள். பையன் ஈதன், பெண் மியா. ரொறன்ரோவிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகளின் மணிக்கூடு இன்னும் கனடாவிலேயே நின்றது. நாங்கள் படுக்கும்போது எழும்புவார்கள், கோழி கூவும்போது படுப்பார்கள். சரி, பகலிலாவது மகள் உறங்கலாம் என்றால் — பேசாலையிலிருந்தும் ஓலைத்தொடுவாயிலிருந்தும் என் மனைவியின் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள் பிள்ளைகளை எழுப்பியே பார்த்தார்கள்.

அப்போதுதான் மகள் தன் போனில் இந்தப் படகைக் கண்டுபிடித்தாள். இரண்டு தட்டுப் படகு. காலையில் புறப்பட்டு மணல் திட்டுகளைச் சுற்றிக்காட்டி, மதியம் சாப்பாடு தந்து, மாலை மூன்று மணிக்குக் கரைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். விளம்பரத்தில் அதற்கு ‘குரூஸ்’ என்று பெயர். மேல்தட்டில் நீச்சல் தடாகம், கீழ்த்தட்டில் ஏசி பூட்டிய ஒரு சிறிய அறை.

“அப்பா, எனக்குக் கடலும் வேண்டாம், திட்டும் வேண்டாம்” என்றாள். “இதுகள் ரெண்டையும் தண்ணிக்குள்ள இறக்கிவிட்டால் நீங்களும் அம்மாவும் பாப்பீங்கள்தானே. நான் கீழ போய் ரெண்டு மணித்தியாலம் படுக்கிறன். அது காணும்.”

இரண்டு வருடத்துக்கு மேலாகத் தொடர்ந்து இரண்டு மணித்தியாலம் உறங்காதவள் கேட்கிறாள். எந்தத் தகப்பன் மறுப்பான்?

ஒன்பது பத்துக்குப் படகு புறப்பட்டது. ஒன்பது பதினைந்துக்குத் தடாகத்தைக் கண்டோம். எங்கள் கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியைவிட ஒன்றரைச் சாண் பெரிது. உள்ளே வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று முழங்காலை மடித்துக்கொண்டு, பஸ்ஸில் இருப்பதுபோல இருந்தது. ஒன்பது பதினாறுக்குப் பலகையைக் கண்டோம். ‘நப்பி கட்டிய குழந்தைகளுக்குத் தடாகத்தில் அனுமதி இல்லை.’ மூன்று மொழிகளிலும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். இந்த நாட்டில் இப்படி ஒரு பலகையை நான் கண்டதில்லை. கண்ட அன்றைக்கு அது எனக்கு எதிராக இருந்தது.

பிள்ளைகள் அதற்குள் தடாகத்தைச் சுற்றியிருந்த வலைக்கம்பியில் முகத்தை அழுத்தி, “பூல், பூல்” என்று தொடங்கிவிட்டார்கள்.

என் மனைவி பிலோமினா நேரே கப்டனிடம் போனாள். கப்டன் நிஸ்தார், மறிச்சுக்கட்டி ஊர்க்காரர், மரியாதையான மனிதர்.

“தம்பி, நப்பியைக் கழட்டிப்போட்டு இறக்கினால் சரிதானே?”

கப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “அல்லாஹ்வே… அம்மா, அந்தப் போர்ட் நப்பிக்குப் பயந்து எழுதினதில்ல. நப்பிக்குள்ள இருக்கிறதுக்குப் பயந்து எழுதினது.”

“அப்ப மணல் திட்டில இறக்குங்கோவன். மண் விளையாடட்டும்.”

“திட்டில கால் வைக்க விடமாட்டாங்க அம்மா. சுத்திப் பாக்கத்தான் பெர்மிட்.”

திரும்பிப் பார்த்தேன். மகள் பையொன்றின்மேல் இருந்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. “பரவாயில்லை அப்பா, நான் பாத்துக்கொள்ளுறன்” என்று சொன்னாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பரீட்சைக் காலத்தில் இரவிரவாக விழித்திருந்துவிட்டு விடிய முகம் கழுவப் போகும்போது அதே குரலில்தான் பேசுவாள்.

“நீ போய்ப் படு” என்றேன். “ரெண்டு மணித்தியாலத்துக்கு இஞ்சயிருந்து ஒரு சத்தமும் வராது.”

“உண்மையாவோ?”

“ஓம். நான் பொறுப்பு.”

அவள் போய்விட்டாள். பிலோமினா என்னைப் பார்த்த பார்வையில், “நீங்கள்? பொறுப்பு?” என்ற இரண்டு கேள்விகளும் இருந்தன.

விளையாட்டுச் சாமான் பையைத் திறந்தேன். கார் ஐந்து, பொம்மை மூன்று, படப் புத்தகம் ஆறு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வளையங்கள் ஒரு தொகுதி. எல்லாம் முடிய ஏழு நிமிடம். கடலைக் காட்டினேன். பார்த்தார்கள். கடற்காகத்தைக் காட்டினேன், அதையும் பார்த்தார்கள். பிறகு மறுபடி தடாகத்தைப் பார்த்தார்கள். சுற்றிலும் இந்துமகா சமுத்திரமே கிடக்க, ஒன்றரைச் சாண் தொட்டிக்கு அழுகிற இனம் மனித இனம் ஒன்றுதான்… போனில் கார்ட்டூன் காட்டலாமா? கூடாது. அது மகளின் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் சிக்னல் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு வில்லங்கம். கொழும்பிலிருந்து வந்த புதுமணத் தம்பதி எங்களுக்குப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்களிடம் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. இரண்டு கையளவு, உருண்டை, முதுகில் கட்டம் கட்டமாகப் பச்சையும் மண்ணிறமும். அது பாடியது என்று சொல்லமாட்டேன். இடித்தது. அவர்களுடைய கதிரைக்கு நேர் கீழே, என் கணக்குச் சரியென்றால், மகளின் தலையணை.

“தம்பி, கீழ ஒரு பிள்ளை நித்திரை” என்றேன்.

“ஓ, சொரி அங்கிள்.” உடனே குறைத்தான். அடுத்த பாட்டு வந்ததும் அது தானாகக் கூடிவிட்டது. மறுபடி போய்ச் சொன்னேன். மறுபடி “சொரி அங்கிள்”. மூன்றாவது தடவை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஈதன் வாயைத் திறந்தான். பெரிய அழுகைக்கு முன்பு ஒரு நீண்ட மூச்சு இழுப்பான், அதுதான் அபாயச் சங்கு. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பிலோமினா எழுந்து போய், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் சுவரில் அலங்காரமாகத் தொங்கிய பழைய வலைத்துண்டைக் கழற்றினாள். கயிறும் அதோடேயே இருந்தது.

“கப்டன் தம்பி, இதை ஒருக்கா எடுக்கிறன்.”

“எடுங்க அம்மா. பிடிக்கிற மீனை எங்களுக்கும் தாங்க.”

பிலோமினா பேசாலையில் கரைவலைச் சம்மாட்டியின் மகள். அதாவது, வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்து ஆள்விட்டுத் தொழில் செய்தவரின் மகள். வலையை வளைத்துக் கடலில் விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். நான் வலையைத் தட்டில் விரிக்க உதவினேன்.

“இஞ்சாருங்கோ, இப்பிடியே வலை வளைக்கிறது? நீங்கள் கச்சேரியில கடதாசி வளைச்சனீங்கள். தள்ளுங்கோ.”

தள்ளினேன். தட்டுத்தான் கடல். அதில் வெறும் தண்ணீர்ப் போத்தல்கள், என் செருப்பு, தொப்பிகள், ஒரு மெத்தைத் தலையணை எல்லாம் மீன். ஒரு கயிற்றில் நானும் ஈதனும். மற்றக் கயிற்றில் அவளும் மியாவும். கரைவலை இழுப்பதென்றால் பாட்டு வேண்டும், ‘ஏலேலோ’ போட வேண்டும். ஆனால் கீழே நித்திரை அல்லவா? ஆகவே இரகசியமாகப் பாடினோம். “ஏ…லே…லோ…” என்று காதுக்குள் சொல்வதுபோல. மன்னார்க் கடலில் கரைவலைப் பாட்டைக் குசுகுசுத்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆச்சரியம் என்ன தெரியுமா? பிள்ளைகள் கத்தவில்லை. அவர்களும் குசுகுசுத்தார்கள். பல்லைக் கடித்து, குதியை ஊன்றி, முகம் சிவக்க இழுத்தார்கள். இத்தனை காலமும் நாங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் குவிக்கிறோமே — அவர்கள் கேட்பது அதுவா? அவர்களுக்கு வேண்டியது வேலை. பெரியவர்கள் மூச்சுவாங்கச் செய்கிற ஒரு வேலையில் ஒரு முனை.

வலை வந்து சேர்ந்தது. மீன் தெரிந்தெடுத்தோம். தலையணை பச்சை நிறம், வட்டம். பிலோமினா அதைத் தூக்கினாள்.

“ஐயோ, ஆமை பட்டிட்டுது. ஆமை பட்டால் என்ன செய்யவேணும்? கடலில விடவேணும். ஆமையைக் கரையில வைச்சிருந்தால் வலைக்காரருக்கு ஆகாது.”

அவள் தகப்பன் அப்படித்தான் செய்வாராம். எத்தனை பேர் நின்று விலை கேட்டாலும், முதல் வேலை ஆமையைத் தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடுவதுதான். அவளும் தலையணையைத் தூக்கிக் கொண்டுபோய் கைப்பிடிக் கம்பியின் அடியில் வைத்து, “போயிட்டு வா ஆமை” என்று கையசைத்தாள். பிள்ளைகளின் படப் புத்தகத்தில் ஆமை உண்டு, அவர்கள் வாயில் அது ‘டேட்டல்’. “டேட்டல், பாய் பாய்” என்று இருவரும் குசுகுசுத்தார்கள்.

இரண்டாம் வளைப்புக்கு ஆள் கூடிவிட்டது. வெள்ளைக்காரர் தடாகத்தை விட்டு எழும்பி வந்து என் பின்னால் கயிறு பிடித்தார். புதுமணப் பெண் தன் தொப்பியைப் போட்டாள். மாப்பிள்ளையும் உற்சாகப்பட்டு, பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வலைக்குள் வைத்தான்.

“இதுவும் ஒரு மீன் அங்கிள். பாடுற மீன்.”

இழுத்தோம். வலை வந்தது. மியா உள்ளே குனிந்தாள். உருண்டை, பச்சை, முதுகில் கட்டம்… அவள் முகம் மாறியதைக் கண்டேன். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எல்லோரும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். தலையணை வைத்த அதே இடத்தில் வைப்பாள் என்றுதான் நினைத்தோம்.

அவள் வைக்கவில்லை. கம்பியின் அடியில் அது நுழையுமளவு இடைவெளி இருந்தது. உண்மையான கடல் அங்கே இருக்க, பொய்க் கடலில் யாராவது ஆமையை விடுவார்களா? குனிந்து, மெதுவாக, பக்குவமாகத் தள்ளினாள்.

“பாய் பாய், டேட்டல்.”

அது நீர் புகாத ஸ்பீக்கராம். ஆகவே பாடிக்கொண்டே போனது. தெளிந்த தண்ணீர், கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். ஈதனின் அதே மூச்சு இழுப்பு. நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன்.

“தம்பி, கத்தாதேங்கோ. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். கீழ பிள்ளை நித்திரை.”

“அங்கிள்…” அவனும் குசுகுசுத்தான். “அது எங்கட வெடிங் கிஃப்ட்.”

கப்டன் வந்து எட்டிப் பார்த்தார். “இந்த இடத்தில நீரோட்டம் பொல்லாதது சேர். ஆளை இறக்க ஏலாது. பரவாயில்ல, ஆமை அதுட ஊருக்குப் போயிட்டுது.”

விலை கேட்டேன். சொன்னான். வாசகர்களே, நான் கத்தரிக்காய்க்கும் பேரம் பேசுகிறவன். இதற்குப் பாவித்த மாதங்களைக் கழிக்கலாம், தேய்மானம் போடலாம், வலைக்குள் வைத்தவன் அவனே என்று வாதாடலாம். மூன்றும் வாய்நுனி வரை வந்தன. ஆனால் பேரம் என்பதைக் குசுகுசுத்துப் பேச முடியாது, சத்தம் கூடிவிடும். மணிக்கூட்டைப் பார்த்தேன். மகள் படுத்து ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

“கரைக்குப் போனதும் முழுக்கத் தாறன்” என்றேன். பிலோமினா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

கீழே போய் அறைக் கதவில் காது வைத்தேன். குறட்டை. என் மகள் குறட்டை விடுவாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தக் கதவடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மேலே வலை மூன்றாம் முறை இழுபட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் பிள்ளைகள் இருவரும் வலையின் மேலேயே சரிந்து உறங்கிப்போனார்கள். ஸ்பீக்கர் இல்லாத படகில் தண்ணீரின் சத்தம் மட்டும்தான்.

பிலோமினா என்னை உற்றுப் பார்த்தாள். “உண்மையைச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போகேக்க நீங்கள்தான் கிட்ட நிண்டனீங்கள். மறிச்சிருக்கலாம்.”

“எனக்குக் கயிறு கையில.”

“ம்” என்றாள். இன்றைக்கும் அந்த ‘ம்’ தீரவில்லை.

இறங்குதுறையில் படகு முட்டியபோதுதான் மகள் மேலே வந்தாள். கன்னத்தில் தலையணைக் கோடு. கண் தெளிந்திருந்தது. ஐந்தரை மணித்தியாலம் உறங்கியிருந்தாள். மியாவை வாங்கித் தோளில் போட்டாள்.

“டேட்டல், அம்மா. டேட்டல் கோன்.”

“ஆமையோ? சே, நான் பாக்காமல் விட்டிட்டன். அப்பா, நீங்கள் கண்டனீங்களோ? எவ்வளவு பெரிசு?”

கொழும்பு மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தன் வங்கிக் கணக்கு இலக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நான் போனில் ஒவ்வோர் இலக்கமாக அழுத்திக்கொண்டே சொன்னேன்.

“நல்ல பெரிசு, பிள்ளை.”

சரியாகச் சொன்னால், இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.