முடிச்சூர் கால்வாயும் என் இணையப் பக்கமும்

எங்கள் முடிச்சூர் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். பக்கத்துக் கால்வாயில் நீர்மட்டத்தை அளக்கும் சென்சாரை ஒரு தனி புரோகிராம் படிக்கும். அது சொல்லும் நீர்மட்டத்தை என் பக்கம் அப்படியே வாங்கிக் காட்டும்.

இன்று காலை நல்ல மழை. தரைத்தளத்தில் இருக்கும் பாத்திமா அக்கா போன் செய்தார்.

"தம்பி, உன் பேஜ்ல காலைலேர்ந்து ரெண்டு அடின்னே இருக்கு. இங்க கேட் வரைக்கும் தண்ணி வந்துடுச்சுப்பா. அதை நம்பித்தான் அத்தாவை மாடிக்கு ஏத்தாம இருந்துட்டேன்."

அவருடைய அத்தாவால், அதாவது அப்பாவால், நடக்க முடியாது. நானும் எதிர்வீட்டு செல்வம் அண்ணனும் ஓடிப்போய், அவரை நாற்காலியோடு முதல் மாடிக்குத் தூக்கினோம்.

பிறகுதான் பார்த்தேன். அந்த புரோகிராம் விடியற்காலையிலேயே நின்றுபோயிருக்கிறது. அது கடைசியாகச் சொன்னதையே என் பக்கம் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

மத்தியானம் திருத்திவிட்டேன். இனி புரோகிராம் பதில் தராவிட்டால், "மட்டம் தெரியவில்லை, வெளியே எட்டிப் பாருங்கள்" என்று வரும்.

அக்காவிடம் காட்டினேன்.

"இதை மொதல்லயே போட்டிருக்கலாம்ல?" என்றார்.

இந்த இணையக் குழுவில் புரோகிராம் எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யாராவது சொல்லுங்களேன்.