சித்தி பறக்கப்போகிறாள்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, என் சித்தி சீக்கிரமே பறக்கப்போகிறாள் என்பது பெங்களூர் ஈஜிபுராவில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தி நான், இன்னொருத்தி கீழ்வீட்டுக் கன்னடக்காரர்களின் மகள், என் வகுப்புத் தோழி.

அம்மாவின் தங்கையான சித்தி, அந்த மழைக்காலத்தில் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டாள். சித்தப்பா எப்போது வருவார் என்று கேட்டால் அம்மா என்னைப் பல் தேய்க்க அனுப்பிவிடுவாள், சாயங்காலமாக இருந்தாலும். சித்தி சிரித்து நான் பார்க்கவே இல்லை. விடிந்ததும் மொட்டைமாடியில் பாயை விரித்து, கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வாள். தியானம் செய்தால் மனசு லேசாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். சித்தியை விட்டு நகராதே என்று அம்மா என்னையும் கூடவே அனுப்பிவைப்பாள்.

இதைத் தோழியிடம் சொன்னேன். மனசு லேசானால் உடம்பும் லேசாகும்தானே என்று அவள் கேட்டாள். பிறகென்ன, பலூன் மாதிரிதான். அன்றைக்குப் பள்ளியில் ஒரு பாடமும் எங்கள் காதில் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து இருவரும் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, சித்திக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா என்று பார்த்தோம். அவள் முடி காற்றில் அசைந்தாலே என் நெஞ்சு படபடக்கும். என்னையும் முதுகில் ஏற்றிக்கொள்வாளா? சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக் மேலிருந்து எப்படித் தெரியும்?

ஒருநாள் பலமாகக் காற்றடித்தது. பாயின் ஓரம் எழும்பியது. அதன் கீழே வெளிச்சம் தெரிந்தது.

“மேலே ஹோத்ரு!” போய்விட்டார் என்று தோழி கன்னடத்தில் கத்தினாள்.

நான் படிக்கட்டில் தாவி இறங்கி ஓடினேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சித்தி மேலே போயிட்டாங்க!”

அம்மாவின் முகம் வெளுத்தது. கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், என்னைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஓடினாள். அங்கே சித்தி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளை அப்படியே கட்டிக்கொண்டு விம்மினாள். நாங்கள் கண்ட அதிசயத்தைத் தோழி மூச்சிரைக்க விளக்கியதும், சித்தி முதலில் விழித்தாள், பிறகு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“இன்னும் தரையிலதான்க்கா இருக்கேன்” என்றாள்.

அம்மாவின் அழுகை மட்டும் நிற்கவில்லை. என்னைப் போலவே அவளும் ஏமாந்துபோனாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. அருகில் போய்த் தோளைத் தொட்டு, “அழாதம்மா, நாளைக்குக் கண்டிப்பா மேலே போயிடுவாங்க” என்று ஆறுதல் சொன்னேன்.

அம்மா என் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். நல்லதைச் சொன்னதற்கு எதற்காக அடி விழுந்தது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.