நின்றது நின்றபடியே

அக்கா எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு மறுபடி கணினி முன்னால் வந்து உட்கார்ந்தவர். எனக்குப் பக்கத்து மேசை. அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

எங்களுடையது பார்சல் கிடங்கு. பெட்டி எடை மெஷினில் ஏறும், முகவரிச் சீட்டு அச்சாகும், பெல்ட் அதை லாரிப் பக்கம் தள்ளிவிடும். எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது ஒரே புரோகிராம். சில நாட்களாக அது திடீர் திடீரென்று உறைந்துபோனது. பிழைச்செய்தி கிடையாது, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உம்மென்று உட்கார்ந்திருக்கும். மேலாளர் ஓடிவந்து அணைத்துப் போடுவார், ஓடும். காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசியாக அதில் கைவைத்தது அக்கா என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். “இன்னொரு தடவை நின்னா அவங்களை அனுப்பிட வேண்டியதுதான்” என்று மேலாளர் அக்கா காதுபடவே சொல்லியிருந்தார்.

இன்னொரு தடவையும் நின்றது. மேலாளர் கையை நீட்டியதும் அக்கா குறுக்கே போய் நின்றார்.

“அணைக்காதீங்க சார். அணைச்சா உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும். முதல்ல கோர் டம்ப் எடுத்துக்கறேன்.”

உறைந்த நேரத்தில் புரோகிராமின் நினைவகத்தில் என்னென்ன இருந்ததோ, அத்தனையையும் அப்படியே ஒரு கோப்பில் கொட்டிவைப்பதுதான் கோர் டம்ப். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே உயிரை வாங்கினார்கள்.

“விட்டுடுங்கக்கா. உங்க தப்பா இருந்தா நீங்களே மாட்டிக்குவீங்க” என்று கிசுகிசுத்தேன்.

“இருக்கட்டும். ஏன்னு தெரியாம வெளிய போறதுக்கு, தெரிஞ்சுக்கிட்டே போறேன்.”

கோப்பு வந்ததும் மேலாளர் அணைத்துப் போட்டார், பெல்ட் ஓடியது. அக்கா கோப்பைத் திறந்தார், நானும் நாற்காலியை இழுத்துக்கொண்டேன். உள்ளே புரோகிராமின் இரண்டு வேலைகள் முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்று எடை மெஷினைப் பிடித்துக்கொண்டு பிரிண்டருக்காகக் காத்திருந்தது. மற்றது பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினுக்காகக் காத்திருந்தது. இரண்டும் விடுவதாக இல்லை. எங்கள் வழக்கப்படி எப்போதும் எடை மெஷினைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கிழிந்த சீட்டை மறுபடி அச்சடிக்கும் ஓர் இடத்தில் மட்டும் அது தலைகீழாக இருந்தது. அது அக்கா எழுதிய பகுதி.

எனக்கு மனசே விட்டுப்போனது. அக்கா எழுந்து, மேலாளரைக் கூப்பிட்டார்.

“என்னோட தப்புதான் சார். இந்த இடத்துல வரிசையை மாத்திப் போட்டுட்டேன்.”

மேலாளர் குனிந்து திரையையே பார்த்தார். “நான் அணைச்சு அணைச்சுப் போட்டேனே, அப்பவே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும் சார்.”

அவர் பிடரியைத் தடவிக்கொண்டார். “சரி, மாத்துங்க. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க. வேற எங்கயாவது இப்படி இருக்கான்னு நீங்கதான் பாக்கணும்.”

அவர் போன பிறகும் அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

“நாளைக்குன்னா சொன்னாரு?”

“ஆமாக்கா.”

அப்புறம்தான் உட்கார்ந்தார்.