பகூர் புகையும் பாலியஸ்டர் சட்டையும்

1. வந்த வாரமே வந்த புகார்

என் மேல் ஒரு கம்ப்ளைண்ட் வந்திருப்பதாக மேனேஜர் ஜமால் காக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோது, நான் வீடு வீடாகப் போய் அளவெடுக்கும் வெளிவேலைக்கு வந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஷார்ஜாவில் எங்கள் கம்பெனி மஜ்லிஸ் வேலை செய்தது. மஜ்லிஸ் என்றால் அரபி வீடுகளில் விருந்தாளிகள் உட்காரும் கூடம். சுவரை ஒட்டிச் சுற்றிலும் தாழ்வான மெத்தை இருக்கை, அதற்கேற்ற திண்டு, ஜன்னலுக்குக் கனமான கர்ட்டன். இதெல்லாம் அளவெடுத்துத் தைத்துக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்போம். நான் அறந்தாங்கிப் பக்கத்து ஆள். போனதிலிருந்து பல வருஷம் ஒர்க்‌ஷாப்பிலேயே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அங்கே தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும்தான் வியர்த்துக் கொட்டினோம். யாருடைய வாடை யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

வெளிவேலைக்குப் போய் அளவெடுப்பவனுக்கு விசாவில் டெக்னீஷியன் என்று டெசிக்னேஷன் மாற்றிக் கொடுப்பார்கள். லேபர் என்று இருந்தால் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. டெக்னீஷியன் என்றால் முடியும். கலாவையும் மகளையும் இங்கே கொண்டுவர எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதற்காகத்தான் காக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி வெளிவேலை வாங்கினேன்.

ஜமால் காக்கா கீழக்கரைக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் அறைக் கதவைச் சாத்தினார்.

"அளவு தப்பாயிடுச்சா காக்கா?"

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ அளவெடுத்த அந்த வில்லா மேடம் போன் பண்ணுனாங்க. உன் மேல வாடை அடிக்குதாம். அடுத்த தடவ வேற ஆளா அனுப்பச் சொல்றாங்க."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. "நான் தெனம் ரெண்டு வேள குளிக்கிறேன் காக்கா!"

"நான் இல்லேங்கல. இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா உன்னய உள்ளதான் உக்கார வைக்கணும். டெசிக்னேஷன் பேச்செல்லாம் அதுக்கப்புறம் கெடையாது, பாத்துக்க."

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த சாம்பல் நிறப் பாலியஸ்டர் யூனிபார்ம். இரண்டு அக்குளிலிருந்தும் ஈரம் இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

2. யார் போட்டுக் கொடுத்தது?

அந்த மேடம் போன் செய்திருப்பாள் என்று நான் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அவள் என்னிடம் பத்தடி தள்ளி நின்று, மாடிப்படியிலிருந்து பேசினவள். அங்கிருந்து வாடை தெரியுமா? எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

முதல் சந்தேகம் செல்வத்தின் மேல். அவன் மன்னார்குடிப் பையன், என்னோடு வேன் ஓட்டி வருகிறவன், ஃபிட்டிங்குக்குக் கூடமாட உதவுகிறவன். அவனுடைய மச்சான் ஒருவன் ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். என்னைத் தள்ளிவிட்டு மச்சானை அந்த இடத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறான் என்று கணக்குப் போட்டேன். கணக்கு கச்சிதமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

வேனில் ஏ.சி. நன்றாக ஓடும், ஆனாலும் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பான். கேட்டால், "காத்து வரட்டும்ணே" என்பான். ஜூலை மாதத்து ஷார்ஜாவில் என்ன காற்று வரும்? நெருப்புதான் வரும். ஏ.சி. ஓட்டையில் அத்தர் நனைத்த பஞ்சு ஒன்றைச் செருகி வைத்தான். சாப்பிடும்போது டிபனை எடுத்துக்கொண்டு வேனுக்கு வெளியே நிழல் தேடிப் போனான். ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ரூமிலும் அதே கதைதான். ஒருவன் மூக்கை உறிஞ்சினால் எனக்காகத்தான் உறிஞ்சுகிறான். இன்னொருவன் போர்வையை இழுத்து முகத்தை மூடினால் எனக்காகத்தான் மூடுகிறான். ஒருநாள் என் கட்டிலில் யாரோ ஒரு புது சோப்பை வைத்திருந்தார்கள். ரூமில் இருந்த எல்லாருடைய முகத்தையும் உற்றுப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கிடைத்ததை மேல் கட்டில்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார். இருந்தாலும் என் கட்டிலில் முதலில் ஏன் வைத்தார் என்று யோசித்துக்கொண்டுதான் படுத்தேன்.

பாத்ரூமில் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு என்னை நானே மோந்து பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. தன் வாடை தன் மூக்குக்குத் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லை, எல்லாம் இவன்கள் செய்கிற சதி என்று தைரியம் வரும். அந்தத் தைரியத்தோடு பாடி ஸ்பிரேயையும் கொஞ்சம் அடித்துக்கொள்வேன். வெயிலில் அந்த ஸ்பிரேயும் வியர்வையும் கலந்து என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தால் செல்வம் வாந்தி எடுக்காமல் வண்டி ஓட்டியதே பெரிய விஷயம்.

3. கை தூக்காமல் எடுத்த அளவு

கர்ட்டன் அளவெடுப்பது கையைத் தூக்கிச் செய்கிற வேலை. ஏணியில் ஏறி, ராடு வரும் இடத்தில் டேப்பின் நுனியைப் பிடித்து, தரை வரைக்கும் விட்டுப் பார்க்க வேண்டும். நானோ வீட்டுக்காரர் யாராவது நின்றால் கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே எடுத்தேன். டேப்பைத் தரையிலிருந்து மேலே தள்ளி, கீழே நின்றே அண்ணாந்து பார்த்து எண்ணைச் சொல்வேன்.

"அண்ணே, ஏணி போடவா?" என்று செல்வம் கேட்பான்.

"எனக்குத் தெரியும், நீ எழுது."

ஏறச் சொல்லி நாலு பேர் முன்னால் என் அக்குளைக் காட்ட வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு வீட்டில் கர்ட்டன் தரைக்கு மேலே ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. நல்ல வேளையாக மடிப்பில் துணி விட்டிருந்தோம், பிரித்து இறக்கித் தைத்தேன். காக்கா அன்று கத்தவில்லை. "என்னப்பா ஆச்சு ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார். அவர் கத்தாததிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு ஆள் பார்த்துவிட்டார், அதனால்தான் சும்மா இருக்கிறார் என்று நினைத்தேன்.

4. நெருப்புத் துண்டு

அஜ்மானில் ஒரு பெரியவர் வீட்டில் மகன் கல்யாணத்துக்காகப் புது மஜ்லிஸ். பெரிய ஆர்டர். காக்காவுக்குப் பழைய கஸ்டமர் என்பதால் பார்த்துச் செய் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். வேலை நன்றாகவே முடிந்தது. கடைசித் திண்டையும் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். செல்வம் டிரில் மிஷினை வேனில் வைக்கப் போயிருந்தான். கூடத்தில் நான் மட்டும்தான். சட்டையைப் பிழிந்தால் சொட்டும்.

பெரியவர் உள்ளே வந்தார். கையில் மரத்தாலும் பித்தளையாலும் செய்த ஒரு சின்னத் தூபக்கால். அதில் கங்கு, கங்கின் மேல் பகூர். பகூர் என்பது வாசனைக் கட்டையை இழைத்துத் தைலத்தில் ஊறவைத்தது. நெருப்பில் போட்டால் கெட்டியான நறும்புகை வரும். புது மெத்தைகளுக்கெல்லாம் புகை காட்டிக்கொண்டே வந்தவர், என் முன்னால் வந்து நின்றார். தூபக்காலை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். இன்னொரு கையால் என் அக்குள் பக்கம் காட்டி, கையைத் தூக்கு என்று சைகை செய்தார்.

"யல்லா, யல்லா", சீக்கிரம் ஆகட்டும் என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. மேடம் போனில் சொன்னாள், இவர் நேராகவே காட்டிவிட்டார், கொசுவுக்குப் புகை போடுவதுபோல எனக்குப் போடுகிறார் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. "மாஃபி, மாஃபி" என்று வேண்டாமென்று கத்திக்கொண்டு தூபக்காலைத் தள்ளிவிட்டேன். ஒரு கங்கு எகிறிப் புது மெத்தையில் விழுந்தது. பெரியவர் பதறி அதைத் தட்டிவிடுவதற்குள் பட்டுத் துணியில் ஓட்டை விழுந்துவிட்டது.

நான் அங்கே நிற்கவில்லை. வேனில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டேன். செல்வம் வந்து ஏறியதும் கண்ணாடியை இறக்கினான்.

5. காக்காவின் காரில்

மறுநாள் காலையில் காக்கா தன் காரில் ஏறச் சொன்னார். விசா கேன்சல்தான், பாஸ்போர்ட்டை வாங்கத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். கலாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். கார் அஜ்மான் ரோட்டில் திரும்பியது.

"அவரு ஏன்டா உனக்குப் பகூர் காட்டுனாரு?"

"நாறுதுன்னுதான் காக்கா. என் கக்கத்தையே காட்டி..."

காக்கா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அடப்பாவி. வந்த விருந்தாளிக்குச் செய்ற மரியாதப்பா அது. கைய லேசாத் தூக்கி, சட்டைக்குள்ள பொக போற மாதிரி காட்டுவாங்க. அமீரே வந்தாலும் அப்படித்தான். ஒர்க்கருக்கு யாரு அதெல்லாம் செய்வா? வேல புடிச்சிருக்கு, கல்யாண வீடுன்னு உனக்குச் செஞ்சிருக்காரு. நேத்து எனக்குப் போன் பண்ணி என்ன கேட்டாரு தெரியுமா? அந்தாளுக்கு மூச்சுத் தொந்தரவு இருக்கா, பொக ஒத்துக்கலயா, டாக்டர்ட்ட காட்டுனீங்களான்னு கேட்டாரு."

காக்கா வண்டியை எடுத்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னார்.

"மேடம் போன் பண்ணுனது உண்மதான். அன்னைக்கே செல்வத்தக் கூப்பிட்டுக் கேட்டேன். ஃபோம் ஒட்டுற சொல்யூஷன் வாடை காக்கா, அண்ணன் மேல ஒண்ணும் இல்லன்னு சத்தியம் பண்ணான். அவன் சொன்னதாலதான் உன்ன விட்டு வச்சேன்."

பெரியவர் வீட்டில் காக்கா அரபியில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தெரிந்த இந்தியில், "காம் பகுத் அச்சா" என்று வேலையைப் பாராட்டிவிட்டு மறுபடியும் தூபக்காலைக் கொண்டுவரச் சொன்னார். இந்த முறை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் புகார் வந்த பிறகு பிறர் முன்னால் கையைத் தூக்கியது அன்றுதான். ஓட்டை விழுந்த மெத்தைக்கு அங்கேயே உட்கார்ந்து புது முகப்பு தைத்துப் போட்டேன். தையல் கண்ணுக்குத் தெரியாதபடி செய்தேன் என்று காக்காவே ஒத்துக்கொண்டார்.

திரும்பியதும் செல்வத்திடம் நேராகக் கேட்டேன். "டேய், உண்மையச் சொல்லு. நாறுச்சா?"

அவன் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாண்ணே. ரொம்ப."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னா என்ன நெனச்சிருப்பீங்க? மச்சானுக்காகச் சொல்றான்னு நெனைக்க மாட்டீங்களா?"

அந்த வாரமே டாக்டரிடம் போனேன்.

6. டாக்டர் சொன்னது

அது ஒரு உடம்புக் கோளாறு என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. சிலருக்கு உடம்பு தேவைக்கு மேல் வியர்க்கும், அது அழுக்கும் இல்லை, குளிக்காத குற்றமும் இல்லை என்றார் டாக்டர். வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாதாம். தோலில் இருக்கும் கிருமி அதைத் தின்றுதான் வாடை வருகிறதாம். டியோடரன்ட் வாசனை கொடுக்கும், அவ்வளவுதான். வியர்வையை அடைக்கும் மருந்து வேறு. அதைக் காலையில் குளித்த ஈரத்தோடு பூசினால் வீண், படுக்கப் போகும் முன் நன்றாகத் துடைத்து உலர்ந்த தோலில் பூச வேண்டும். அக்குள் முடியை ஒட்ட வெட்ட வேண்டும். உள்ளே பருத்தி பனியன். பாலியஸ்டர் சட்டை வாடையைப் பிடித்துக்கொண்டு விடாது, சோப்புக்கு முன் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப் போட வேண்டும். வேனில் ஒரு மாற்றுச் சட்டை. இதையெல்லாம் செய்தேன். அதோடு, தினமும் வேனில் ஏறியதும் செல்வத்தின் பக்கம் திரும்பி, "எப்படிடா?" என்று கேட்பேன். அவன் மூக்கில் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

வளைகுடா போகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். வாடை அடிக்கிறது என்று காதில் விழுந்தால், எவன் சொன்னான் என்று தேடிக்கொண்டு திரியாதீர்கள். நான் அப்படித் தேடித்தான் ஒரு கோடையைத் தொலைத்தேன். கூட இருக்கிற ஒருவனிடம் நேராகக் கேளுங்கள், கேட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

டெசிக்னேஷன் மாறியது. கலாவும் மகளும் வந்தார்கள். வந்த அன்றே கலா பாத்ரூம் அலமாரியைத் திறந்துவிட்டாள். ரோல்ஆன், வினிகர், பவுடர், வரிசையாகப் பனியன்.

"ஏங்க, இதெல்லாம் யாருக்காக? இத்தன வருஷம் இல்லாத மினுக்கு என்ன இப்ப?"

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நானே எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அளவுக்கு மீறி வியர்க்கும், நாறும், அதனால் நீங்கள் இங்கே வராமலே போயிருப்பீர்கள் என்று.

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் கலா. "நீங்க லீவு முடிஞ்சு கெளம்புனதும் போட்டுட்டுப் போற சட்டைய நான் தொவைக்கவே மாட்டேன். வாசம் போற வரைக்கும் தலமாட்டுலதான் வச்சிருப்பேன்."

அப்படி வைத்திருந்தாளா, என் மனசு நோகக் கூடாது என்று சொன்னாளா, எனக்குத் தெரியாது. மகளிடம் நைசாகக் கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை.