ஏலக்காட்டில் இடுப்பு அளந்த கதை

ஊசி போட வர்றவளைக்கூட ஊரு மன்னிச்சிரும். இடுப்பை அளக்க வர்றவளை மன்னிக்கவே மன்னிக்காது. எடை மெஷினைக் கண்டா செருப்பைக் கழட்டி, கைப்பேசியைக் கீழ வச்சு, அப்புறமும் "மெஷின் சரியில்ல"ன்னு சொல்ற கூட்டம்தானே நீங்களும் நானும்? நம்ம கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனா ஆஸ்பத்திரியில என் சோலியே அதுதான். காலையில அடிவாரத்துப் போடியில ஜீப்பு ஏறி, மலை மேல ஏலக்காய்த் தோட்டத்துல வேலை பாக்குறவங்களுக்கு உயரம், எடை, இடுப்புச் சுத்தளவு எடுக்கணும். வயித்துல கொழுப்பு சேர்ந்தவங்களுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சத்தமில்லாம வந்து உக்காந்திருக்கும். அவங்களைக் கண்டுபிடிச்சு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பணும்.

தோட்டத்தையே அளந்துடலாம், எங்களை ஏத்திட்டுப் போற ஜீப்பு டிரைவர் கருப்பையா அண்ணனை அளக்க முடியாது. ஆளுக்கு முன்னாடி தொப்பை போகும். அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் தினமும் ஒரு ஜீப்பு நிறைய பொம்பளைங்க உசுரு அவரு கையில. அதனால அவரை அளக்காம விடுறதில்லைன்னு நானும் பிடிவாதமா இருந்தேன். டேப்பை எடுத்தாலே, "தங்கச்சி, நான் ஓட்டுற ஆளு. லோடை மட்டும் அளந்துக்க"ன்னு நழுவிருவாரு.

ஈரத்துக்குக் கழிவு

முதல் நாளே மழை. காய் பறிச்சுட்டு வந்த பொம்பளைங்க தொப்பலா நனைஞ்சு ஷெட்டுக்குள்ள வந்தாங்க. முதல்ல ராசாத்தியக்கா மெஷின்ல ஏறினாங்க. வயசுல மூத்தவங்க, வாய்க்கும் அவங்கதான் தலைவி. எடையைச் சொன்னேன். மெஷினை விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. "அதெப்படி முழு எடையையும் சொல்லுவ? ஈரத்துக்கு யாரு கழிக்கிறது?"

அவங்க கேட்டதுல தப்பில்லை. ஈரக் காயைக் கொண்டாந்து போட்டா தோட்டத்துல ஈரத்துக்கும் சாக்குக்கும்னு எடையில கொஞ்சம் கழிச்சுட்டுத்தான் சொல்லுவாங்க. வருசக்கணக்கா அந்தக் கழிவைத் தாங்கினவங்க, தனக்கு லாபமா ஒரு கழிவு வர்றப்ப விடுவாங்களா? சரி, நனைஞ்ச சேலைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு இறங்கி வந்தேன். அது நான் செஞ்ச தப்பு. வரிசை பூரா கழிவு கேக்க ஆரம்பிச்சிருச்சு. ராசாத்தியக்கா மறுபடியும் வந்து என் காதுல சொன்னாங்க: "தாயி, ஈரத்துக்குக் கழிச்சிட்ட, சரி. சாக்குக்கும் சேத்துக் கழிச்சிரு."

மேல் ரகம்

அடுத்த வாரம் இன்னொரு கூத்து. "இடுப்பு எம்பது சென்டிமீட்டருக்கு மேல இருக்கிறவங்க இந்தப் பக்கம் தனியா நில்லுங்க"ன்னு சொல்லித் தொலைச்சேன். காயைச் சல்லடையில சலிச்சு, எட்டு மில்லிமீட்டருக்கு மேல உள்ளதைத் தனியா குவிச்சு, அதுக்குத்தான் கூட வெலை போடுற ஊருல இப்படிச் சொல்லலாமா? தனியா நிக்கிறவங்களுக்கு ஏதோ குடுக்கப் போறாங்கன்னு முடிவே பண்ணிட்டாங்க.

அடேங்கப்பா! அதுக்கப்புறம் வந்த ஒவ்வொருத்தியும் வயித்தை முன்னாடி தள்ளிக்கிட்டு வந்தா. செல்வின்னு ஒருத்தி, நாணல் மாதிரி இருப்பா. அவளுக்கு எம்பத்தி நாலு வந்துச்சு! சந்தேகப்பட்டுத் தொட்டுப் பாத்தா, அட்டை கடிக்காம இருக்கத் தடவுற பொகையிலை உப்புப் பொட்டலம், ஒரு ஈரத் துண்டு, மதியச் சோத்துக்கு வச்சிருந்த ஊறுகா டப்பா, எல்லாம் இடுப்புல சொருகியிருக்கு. எல்லாரையும் உக்கார வச்சு, இங்க பெருசாத்தான் ஆபத்துன்னு விளக்கினேன். செல்வி ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் போட்டுக்கிட்டே கேட்டா: "ஏலத்துல பெருசுக்குத்தான வெலை? உங்க ஆஸ்பத்திரியில மட்டும் பொடிசுக்கா வெலை?"

கயிறு

மழையில நனைஞ்சு நனைஞ்சு என் டேப்புல எண்ணு அழிஞ்சே போச்சு. அதனால சுலபமான வழிக்கு மாறினேன். செடி கட்டுற கயிறுல ஆளோட உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டுறது. அதை ரெண்டா மடிச்சு இடுப்பைச் சுத்துறது. ரெண்டு முனையும் தொட்டா நல்லது. தொடலைன்னா பரிசோதனைக்கு ரத்தம் குடுக்கணும். எண்ணே வேண்டாம். பொம்பளைங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போய், ஆளுக்கொரு கயிறோட வீட்டுக்குப் போயிட்டாங்க. போடியில எந்தெந்தப் புருசன் மாட்டினானோ, எனக்குத் தெரியாது.

திங்கக்கிழமை ஜீப்பு நிக்கிற இடத்துக்குச் செல்வி வீட்டுக்காரரு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தாரு. "ஞாயித்துக்கெழம கறி தின்னுட்டு மல்லாந்து படுத்திருந்தேன்க்கா. கண்ணு முழிச்சா, இவ என்னையத் தலையில இருந்து காலு வரைக்கும் கயிறு போட்டு அளக்குறா. நான் செத்தே போயிட்டேன்னு நெனச்சிட்டேன்!"

ஒரு லோடு

எல்லாரும் சிரிச்சாங்க, கருப்பையா அண்ணனைத் தவிர. கொஞ்ச நாளாவே வளைவுக்கு வளைவு ஜீப்பை நிறுத்துவாரு. "ரேடியேட்டருக்குத் தண்ணி"ம்பாரு. ஆனா ரேடியேட்டரைத் திறக்காம, புதர்ப் பக்கம் போயிட்டு வந்து, தண்ணியைத் தானே குடிப்பாரு. அன்னைக்கு மேல ஏறும்போது ஒரு வளைவுல வண்டி ஓரச்சுவரை உரசிட்டு நின்னுச்சு. உள்ள இருந்த அத்தனை பேரும் அலறிட்டோம். "கண்ணு ஒரு நிமிசம் மங்கிருச்சு, ஒண்ணுமில்ல"ன்னு முகத்தைத் துடைச்சாரு.

ராசாத்தியக்கா முதல்ல இறங்கினாங்க. பின்னாடியே எல்லாரும் இறங்கிட்டாங்க. "கயிறு சுத்தாம ஏற மாட்டோம்." கருப்பையா அண்ணன் கத்திப் பாத்தாரு, கெஞ்சிப் பாத்தாரு. கடைசியில கையைத் தூக்கினாரு. நான் சுத்தினேன். ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. யாரும் கேலி பேசலை. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "சர்க்கரைன்னு தெரிஞ்சா ஓனரு சாவியப் பிடுங்கிருவாரு தங்கச்சி. எனக்கு வேற என்ன தெரியும்? அதான் இம்புட்டு நாளு ஓடுனேன்."

பயந்த மனுசன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள ராசாத்தியக்கா சொன்னாங்க: "நாங்க தெனமும் எங்க உசுர உங்க கையில குடுத்துட்டு உக்காந்து வர்றோம்ல? இன்னைக்கு ஒரு நாளு உங்க உசுர எங்க கையில குடுங்கண்ணே."

பின்னாடி வந்த ஜீப்புல ஏறியிருந்த இன்னொரு டிரைவர் எங்க வண்டியைத் திருப்பி ஓட்ட, ஒருத்திகூட வேலைக்குப் போகலை. எல்லாரும் நேரா போடி ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம். சர்க்கரை எக்கச்சக்கம். கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் ஸ்டேரிங்கைத் தொடக்கூடாது, அப்புறம் ஓட்டலாம்னு டாக்டர் சொன்னாரு. சொல்லிட்டு நிமிந்து பாத்தா, வாசல்ல தலைத்துணியும் சோத்து வாளியுமா அம்புட்டுப் பேரு. "இவங்கள்லாம் யாரு?"ன்னாரு. கருப்பையா அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னாரு: "என் லோடுங்கய்யா. என்னைய நம்பி ஏறுறவுக. நல்ல மாத்திரையா பாத்து எழுதுங்க."

மூணு மாசம் மாத்திரை, நடை, பத்தியம்னு இருந்து சாவியைத் திரும்ப வாங்கின மனுசன், தொப்பை இறங்கினதுல முன் சீட்டுல மிச்சமான இடத்துல இப்ப இன்னொரு ஆளை ஏத்திக்கிட்டுப் போறாரு.